தசமப் புள்ளிக்குப் பின்

நவம்பர் இருபத்தொன்றோடு எங்கள் ஊரில்
சூரியன் கணக்கை முடித்துக்கொள்ளும்.
பிறகு ஜனவரிக் கடைசி வரை
ஹாமர்ஃபெஸ்டில் தெருவிளக்குதான் பகல்.

மீன் ஆலையில் இரவுப்பணி முடித்து,
விரலிடுக்கில் கவிச்சி போகாமலே,
காலணிக்கு இரும்புப் பல் மாட்டுகிறேன்.
கதவைத் திறக்குமுன் தொலைபேசி.

செத்செக்மா போட்டிருக்கிறாள்: 8.42.
மைனஸ் முப்பத்தொன்று.
இமையில் உறைபனியோடு ஒரு படம்,
பின்னால் எர்தெனெத்தின் சுரங்கப் புகை.
ஊனா, கில்லிபெக்ஸ் மழையில், 5.16;
அதில் முந்நூறு மீட்டர்
அவிழ்த்துக்கொண்டு ஓடிய நாயின் பின்னால்.
லிசாந்த்ரோ: 12.00.

நால்வரும் ஒரே தரையில் நின்றதில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்
ஊனாவின் இடது முழங்கால்
எந்தத் திருப்பத்தில் முனகும் என்று,
செத்செக்மா ஞாயிறுகளில் மட்டும்
தெற்குச் சாலையை ஏன் தவிர்க்கிறாள் என்று.
கூடப்பிறந்தவர்களிடம் சொல்லாததை
பதினேழாவது கிலோமீட்டர்
எப்படியோ வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

12.00.
அதற்கு முன் 10.00. அதற்கும் முன் 15.00.
ஓடுகிறவர்களுக்கு முழு எண் வாய்ப்பதில்லை.
வீட்டு வாசல் எப்போதும்
நூறடி முன்னாலோ பின்னாலோ வந்து நிற்கும்.
பித்துப் பிடித்தவன் ஒரு நாள்
வீட்டைச் சுற்றி ஓடி நிரப்பலாம்.
மூன்று வாரமாகவா?

அக்கறையோ சந்தேகமோ,
அவர்கள் ஊர் வானிலையையும் பார்ப்பேன்.
அந்தச் செவ்வாய் புன்ட்டா அரினாஸில்
காற்று நூற்று இருபது.
கடலோரச் சாலையை அடைத்துவிட்டார்கள்.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டினார்கள்.
அந்தச் சாலையில்தான் அவனுடைய 15.00.

கேட்டுவிட நினைத்துத் தட்டினேன். அழித்தேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
"காற்று எப்படி?"
"முகத்தில்" என்றான்.

ஊனாவுக்கும் தெரிந்திருந்தது.
தனியாக எழுதினாள்:
"படுத்தே கிடக்கிறான் போல, சுன்னிவா.
எண் போடவாவது எழுந்து உட்காருகிறானே. விடு."
விட்டேன்.
ஒரு பொய்க்கு மூன்று சபாஷ்.
முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.
இதையும் சொல்ல வேண்டும்:
அந்தப் பொய் என்னை விரட்டியது.
படுத்துக் கிடப்பவன் பன்னிரண்டு ஓடினால்
எழுந்து நிற்பவள் நான்காவது ஓட வேண்டாமா?

ஜனவரி முதல் வாரம்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கதவுக்கு உட்புறம் நாற்பது நிமிடம் நின்றேன்.
கைப்பிடி சில்லென்றிருந்தது.
வேறு காரணம் கிடையாது.
காலணியைக் கழற்றினேன்.
3.80 என்று போட விரல் போனது.
0.00 என்று போட்டேன்,
இரண்டு தசமத்தையும் விடாமல்.

செத்செக்மா ஒரு குதிரைப் படம் அனுப்பினாள்.
பனியில் நின்றபடியே தூங்குகிற குதிரை.
விளக்கம் ஏதும் இல்லை.
ஊனா, எனக்கும் சேர்த்து ஓடியதாக,
ஏழு என்றாள்.
லிசாந்த்ரோ ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பது நாள் எண்ணும் இல்லை.

என் பூஜ்யம் அவனைச் சுட்டுவிட்டதோ?
தெரியாது. இன்றுவரை கேட்டதும் இல்லை.

பத்தாம் நாள்
பெட்டிகளில் ஐஸ் அள்ளிப் போடும்போது
சட்டைப்பை அதிர்ந்தது.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன்.

1.37.

அடியில்:
"ரொட்டிக் கடை வரை ஓடினேன்.
திரும்பும்போது நடைதான்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு."

பதினைந்துக்கே செலவழித்துவிட்ட சபாஷை
இதற்கு எப்படிக் கொடுப்பது?
விரல் மரத்துப் போக, ஐஸ் காலடியில் உருக,
வார்த்தை தேடி நின்றேன்.

ஊனா முந்திக்கொண்டாள்:
"என்ன ரொட்டி?"